கேட்டாத்தான் தண்ணி வரும்

போன வாரம் எங்க விவசாயிங்க கம்பெனியோட ஆண்டு பொதுக்கூட்டம் முடிஞ்சு சேரெல்லாம் அடுக்கிட்டு இருந்தப்ப ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்குது, அவங்கப்பா எங்க உறுப்பினர், அவருக்கு உடம்பு முடியலன்னு அவருக்குப் பதிலா வந்திருந்துச்சு. "எப்டிக்கா இவ்ளோ பேரு முன்னாடி பயமே இல்லாம பேசுறீங்க, எனக்கு கிளாஸ்ல ரோல் நம்பர் சொல்றதுக்கே வாய் வராதுக்கா"ன்னு கேட்டுச்சு. நான் பதில் சொல்ல ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள அதோட பஸ் வந்துருச்சு. பாதியில நின்ன அந்த பதில இங்க முழுசா எழுதிடுறேன், அந்தப் பொண்ணு மாதிரி இன்னும் நெறைய பேர் இருப்பாங்க, நானே அப்டித்தான் இருந்தேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், பயமே இல்லாமன்னு அது சொன்னது சரி இல்ல. அன்னிக்கும் மைக்க கையில வாங்குறப்ப நெஞ்சு அடிச்சுகிட்டுதான் இருந்துச்சு. அது போகவே இல்ல, ஆனா அது அடிக்கிறப்பவே எனக்குப் பேச வருது இப்ப, அவ்ளோதான் வித்தியாசம்.

எங்க ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. வெளியூர்க்காரங்களுக்கு கடைமடைன்னா என்னன்னு சொல்லணும்ல. மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12ந்தேதி தண்ணி தொறப்பாங்க, அணையில தண்ணி இருந்தா. அது கல்லணைக்கு வந்து வெண்ணாறுல திரும்பி, நீடாமங்கலத்துகிட்ட மூணாறு தலைப்புல மறுபடி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரிஞ்சு, அதுலேருந்து கிளையாறு, வாய்க்கா, சின்ன வாய்க்கான்னு போயி கடைசியா கடல் பக்கம் எந்த வயல்ல முடியுதோ அதான் நாங்க. மேல உள்ளவங்க எல்லாம் பாஞ்சு முடிச்சு மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்கு. ரேடியோல தண்ணி தொறந்தாச்சுன்னு சொன்னப்புறம் எங்க வாய்க்காலுக்கு ஈரம் வர எத்தன நாளாகும்னு எங்கப்பா விரல்விட்டு எண்ணிட்டே இருப்பாரு, ஆனா வாயத் தொறந்து யாரையும் கேக்க மாட்டாரு. "வர்றப்ப வரும், போயி கேட்டா நல்லாவா இருக்கும்"பாரு. நான் அந்த வீட்டுப் பொண்ணு. பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத, ஆம்பளைங்க இருக்குற இடத்துல என்ன சத்தம், கேட்டு வாங்குறது கேவலம், இப்டியே கேட்டு வளந்தா வாய் எங்கேருந்து வரும்.

2018ல நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சுச்சு. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையக் கடந்துச்சு, எங்க பக்கம் தென்னமரம் எல்லாம் சீப்பு மாதிரி ஒரே பக்கமா சாஞ்சு கெடந்துச்சு. எங்க வீட்டுக் கொல்லையில 43 மரம், அதுல 38 போச்சு, மாட்டுக் கொட்டகை கூரை பக்கத்து வயல்ல கெடந்துச்சு, ஒரு பசு செத்துப்போச்சு. நான் அப்ப பி.காம் முடிச்சுட்டு வீட்ல இருந்தேன். கரண்டு இல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதி வச்சேன், மரம் எத்தன, எத்தன வருஷத்து மரம், கொட்டகை நீளம் அகலம், எல்லாம். கணக்கெடுக்க ஆள் வந்தாங்க. ரெண்டு பேரு, அவங்களும் பாவம் பல ஊரு சுத்தி செருப்பெல்லாம் சேறு. வீட்டப் பாத்தாங்க, மரத்த எண்ணுனாங்க, எழுதிகிட்டாங்க. கெளம்புறப்ப ஒருத்தர் என்னையப் பாத்து, படிச்ச புள்ள மாதிரி தெரிஞ்சிருக்கும் போல, "வேற ஏதாவது இருக்காம்மா சொல்றதுக்கு?"ன்னு கேட்டாரு. நோட்டு என் கையில இருக்கு. கொட்டகையும் பசுவும் அவங்க எழுதலன்னு எனக்குத் தெரியும். நாக்கு மேல் அண்ணத்துல போயி ஒட்டிகிச்சு, துப்பட்டா முனைய விரல்ல சுத்திகிட்டே "இல்ல சார்"ன்னேன்.

அவங்க போயிட்டாங்க. எங்கப்பா ஒண்ணும் சொல்லல, என் கையில இருந்த நோட்டத்தான் பாத்தாரு. அந்தப் பார்வை எனக்கு இன்னும் இருக்கு. அவர் பேசாம இருந்ததுக்கு எழுதப் படிக்க அவ்ளவா தெரியாதது ஒரு காரணம்னு வச்சுக்கலாம், எனக்கு என்ன காரணம்?

அப்பறம் 2021ல எங்க பக்கத்துல ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிச்சப்ப கணக்கு எழுத ஆள் வேணும்னாங்க, சேந்தேன். இந்த மாதிரி கம்பெனி பத்தி தெரியாதவங்களுக்கு, விவசாயிங்களே பங்குதாரரா இருக்குற கம்பெனி இது, 2020ல மத்திய அரசு 10,000 கம்பெனி உருவாக்குறதுன்னு ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு, அதுல சமவெளிப் பகுதின்னா கொறஞ்சது 300 விவசாயி சேரணும். நாங்க பாரம்பரிய நெல்லு வாங்கி அரைச்சு விக்கிறோம், மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி. கணக்குன்னா எனக்கு உசுரு, டேலிங்குற கணக்கு சாஃப்ட்வேர்ல உக்காந்தா நேரம் போறதே தெரியாது. பேசுற வேலை இல்லன்னு நெனச்சுதான் சேந்தேன். ஆனா மூணாவது மாசமே ஒரு வங்கிக்குப் போகவேண்டி வந்துச்சு, நெல்லு கொள்முதலுக்கு கேஷ் கிரெடிட்னு ஒரு கடன் கேட்டு. எங்க டைரக்டர் ஐயா ஒருத்தரும் நானும் போனோம். மேனேஜர் கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் எனக்கு பதில் தெரியும், ஸ்டாக் எவ்ளோ, வரவேண்டிய பாக்கி எவ்ளோ, போன மாசம் விற்பனை என்னன்னு தூங்குறப்ப எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா நான் மேசையப் பாத்து சொன்னேன். சன்னமா சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் கடைசில "...ன்னு நெனைக்கிறேன் சார்"ன்னு ஒரு வால் சேத்து சொன்னேன். கொஞ்ச நேரத்துல அவரு நாற்காலிய டைரக்டர் பக்கம் திருப்பிட்டாரு, கணக்கே தெரியாத அவருகிட்ட கேக்குறாரு, அவரு என்னயப் பாக்குறாரு, நான் அவரு காதுல சொல்றேன், அவரு மேனேஜருக்கு சொல்றாரு. கடன் அந்த தடவ கெடைக்கல. கணக்கு சரியா இருந்தும் கெடைக்கல. மேனேஜர் மேல எனக்குக் கோவம் வரல, என் கணக்க நானே நம்பாத மாதிரி பேசுனா அவரு ஏன் நம்பணும்.

திரும்பி வர்ற பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்து வந்தப்பதான் யோசிச்சேன், இது வெறும் கூச்ச சுபாவம்னு விட்டுடற விஷயமா? கொட்டகை விட்டுப்போச்சு, இப்ப 300 பேரோட கடன் போச்சு. என் கூச்சத்துக்கு மத்தவங்க காசு கட்டுறாங்க.

அப்பறம் நான் பண்ணதெல்லாம் சின்ன சின்ன விஷயம்தான். மொத விஷயம் டீ. திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு கடையில தெனமும் சாயங்காலம் டீ குடிப்பேன், அவரு சக்கரை அள்ளிப் போடுவாரு, எனக்கு அவ்ளோ இனிப்பு ஆகாது, ஆனா ஒரு வருஷத்துக்கு மேல அப்டியே குடிச்சிட்டு இருந்தேன், சொல்லல. ஒரு நாளு முடிவு பண்ணிகிட்டுப் போயி "அண்ணே, ஒரு டீ, சக்கரை கம்மியா"ன்னேன். அவரு நிமிந்துகூடப் பாக்கல, "ஒரு டீ, சக்கரை கம்மி"ன்னு உள்ள சத்தம் குடுத்தாரு, வந்துருச்சு. அந்த கிளாஸ கையில வச்சுகிட்டு நின்னேன் பாருங்க, இதுக்கா ஒரு வருஷம்னு இருந்துச்சு. அன்னிலேருந்து தெனம் ஒண்ணு, தெரியாதவங்ககிட்ட ஒரு கேள்வி, இல்ல ஒரு வேண்டுகோள். கண்டக்டர்கிட்ட மிச்ச சில்லறை கேக்குறது. மருந்துக்கடையில இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேக்குறது. உரக்கடையில பில்லு கேக்குறது, இது கஷ்டம், மொறைப்பாங்க, இருந்தாலும் கேட்டேன். நோட்டுல எழுதி வச்சேன், கஜா நோட்டோட பின்பக்கத்துலதான். பயம் பத்துக்கு எத்தனன்னு ஒரு மார்க்கு, கேட்டப்பறம் எத்தனன்னு ஒரு மார்க்கு. கேக்குறதுக்கு முன்ன 8ன்னு எழுதுன பயம் கேட்டப்பறம் 2, இப்டியே பக்கம் பக்கமா. பயத்த கொஞ்சங்கொஞ்சமா நேர்ல சந்திச்சு பழகுறது மனநல டாக்டருங்களே சொல்லித்தர்ற முறைதான்னு அப்பறம் படிச்சேன். ஒரே நாள்ல மேடையில ஏத்திவிட்டு பேசுன்னு சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க, ஒரேயடியா மதகத் தொறந்தா வாய்க்கா கரை ஒடைஞ்சுரும், முறை வச்சு விட்டாத்தான் வயலுக்குப் போயிச் சேரும்.

ரெண்டாவது, மொத வரி. எங்க போறதா இருந்தாலும் நான் பேசப்போற மொத வரிய எழுதி வாய்விட்டு சொல்லிப் பாத்துருவேன். மொத வரி மட்டும். முழுசும் மனப்பாடம் பண்ணிப் பாத்தேன், அது இன்னும் மோசம், நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சுன்னா மொத்தமும் போயிரும். மொத வரி தயாரா இருந்தா அதச் சொல்றதுக்குள்ள மூச்சு நேராயிரும், அதுக்கப்பறம் தெரிஞ்ச விஷயந்தான, தானா வரும். போன் பண்றதுக்கு முன்னாடியும் இதேதான், "வணக்கம் சார், நான் இந்த கம்பெனிலேருந்து பேசுறேன், ரெண்டு நிமிஷம் பேசலாமா"ன்னு துண்டுச்சீட்டுல எழுதி கம்ப்யூட்டர் ஓரத்துல ஒட்டி வச்சிருந்தேன், ஒரு வருஷம் இருந்துச்சு அது.

ஒடம்பு பத்தியும் சொல்லணும். வாய் காயுறது, கை நடுங்குறது, நெஞ்சு படபடங்குறது எல்லாம் பயத்துல ஒடம்புல சுரக்குற அட்ரினலின் பண்ற வேலை, நாய் தொரத்துனா ஓடுறதுக்கு ஒடம்பு தயாராகுதுல்ல அதே வேலை, நமக்கு ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்க வேண்டியதில்ல. இதுல நம்ம கைக்கு அடங்குறது மூச்சு ஒண்ணுதான். இழுக்குறத விட விடுறது நீளமா இருக்கணும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுறது, அஞ்சாறு தடவ பண்ணா நெஞ்சடிப்பு கொறையுறது நமக்கே தெரியும், வெளிய விடுறப்பதான் இதயம் மெதுவாகுது. இன்னொன்னு, பயப்படாத பயப்படாதன்னு நமக்கு நாமே சொல்லிக்கிறது வேலைக்கு ஆகாது. 2014ல ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்ல ஆலிசன் உட் புரூக்ஸ்னு ஒரு பேராசிரியை ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, பேச்சு, பாட்டு, கணக்குப் பரிட்சைன்னு வச்சு, அதுக்கு முன்னாடி சிலபேர நான் அமைதியா இருக்கேன்னு சொல்ல வச்சாங்க, சிலபேர எனக்கு உற்சாகமா இருக்குன்னு சொல்ல வச்சாங்க, உற்சாகம்னு சொன்னவங்கதான் நல்லா பண்ணாங்க. எனக்கு இது சரியாப் பட்டுச்சு, ஏன்னா ஊர்த் திருவிழாவுல தேர் இழுக்குறதுக்கு முன்ன வர்ற படபடப்பும் மேடைக்கு முன்ன வர்ற படபடப்பும் ஒண்ணுதான், பேருதான் வேற வச்சிருக்கோம்.

எல்லாரும் நம்மளயே பாக்குறாங்கன்னு தோணும்ல, அதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2000ல கார்னெல் யுனிவர்சிட்டிக்காரங்க பண்ணது. ஒரு மாணவனுக்கு போட்டுக்கவே கூச்சமா இருக்குற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டி ஷர்ட்ட மாட்டிவிட்டு எல்லாரும் உக்காந்திருக்குற ரூமுக்குள்ள அனுப்புனாங்க, எத்தன பேரு கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டா கிட்டத்தட்ட பாதிப் பேருன்னு சொன்னாங்க, உண்மையில கவனிச்சது கால்வாசி. அப்ப நம்ம தடுமாறுனத நாம நெனைக்கிறதுல பாதிப்பேருதான் பாத்திருக்காங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க நடவு, அவங்கவங்க கடன்.

ஊரடங்கு காலத்துல எல்லாமே ஆன்லைன் ஆச்சுல்ல, அந்தப் பழக்கத்துல, மேடையில பேசப் பழகுற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் கூட்டமும் ஜூம்ல நடந்துகிட்டு இருந்துச்சு, தமிழ்லயே நடத்துற ஒரு கிளப்புல விருந்தாளியா உள்ள போனேன். 1924ல அமெரிக்காவுல ரால்ஃப் ஸ்மெட்லின்னு ஒருத்தர் ஆரம்பிச்சது அது. அங்க டேபிள் டாபிக்ஸ்னு ஒண்ணு, திடீர்னு ஒரு தலைப்பு குடுப்பாங்க, ஒண்ணுலேருந்து ரெண்டு நிமிஷம் பேசணும், ஒரு நிமிஷம் ஆனா பச்சை அட்டை, ஒன்றரைக்கு மஞ்சள், ரெண்டுக்கு சிவப்பு. மஞ்சள் வரைக்கும் போக எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இன்னொருத்தர் இருப்பாரு, நம்ம சொல்ற "ஆ", "ம்ம்", "வந்து", "அதாவது" எல்லாத்தையும் எண்ணுறதுதான் அவரு வேலை. என் மொத பேச்சுல "வந்து" மட்டும் 23. பக்குன்னு இருந்துச்சு, ஆனா கோவம் வரல, யாரும் இதுவரைக்கும் நான் பேசுறத இவ்ளோ கவனமா கேட்டதே இல்லயேன்னுதான் இருந்துச்சு. "வந்து" வர்ற எடத்துல வாய மூடிகிட்டு சும்மா ஒரு நொடி நிக்கச் சொன்னாங்க. அந்த ஒரு நொடி நமக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும், கேக்குறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, அதுவும் போக, நிறுத்தி நிறுத்திப் பேசுறவங்களத்தான் ஆளு மதிக்குது.

ஆனா எனக்கு பேச்சுன்னா என்னன்னு புரிய வச்சது ஜூம் இல்ல. இயற்கை விவசாயத்துக்காகப் பேசுன நம்மாழ்வார் ஐயா. 1938ல இளங்காட்டுல பொறந்தவரு, திருக்காட்டுப்பள்ளி பக்கம், நம்ம தஞ்சாவூர் மாவட்டந்தான். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க பக்கம் ஒரு கூட்டத்துல பேசுனாரு, அப்பா சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. சட்டை போடாம பச்சைத் துண்டோட நின்னாரு, திண்ணையில உக்காந்து பேசுற மாதிரி பேசுனாரு. விவசாயம் படிச்சவரு, அரசாங்க ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்தவரு, ஆனா ஒரு கஷ்டமான வார்த்தை வரல. அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்குன்னு பழைய சொலவடை ஒண்ண அவரு அடிக்கடி சொல்லுவாரு, அறுத்த பயிருல அடிக்கட்டை மண்ணுக்கு உரம், நடுத்தாளு மாட்டுக்கு வைக்கோல், நுனிக்கதிரு நமக்கு. மண்வளம் பத்தி ஒரு புத்தகத்துக்கு எழுதவேண்டியது ஆறு வார்த்தையில முடிஞ்சுபோச்சு, எங்கப்பாவுக்கு வாழ்நாள் முழுக்க மறக்கல. அவரு 2013 டிசம்பர் 30ல பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில காலமானாரு, அப்பவும் பூமிக்கடியிலேருந்து மீத்தேன் வாயு எடுக்குற திட்டத்துக்கு எதிரா டெல்டாவுல ஊர் ஊராப் போயி பேசிட்டு இருந்தப்பதான். அவரு எப்டி நிக்கிறாரு எப்டி தெரியுறாருன்னு அவருக்கு நெனப்பே இருந்த மாதிரி தெரியாது, எதுத்தாப்புல உக்காந்திருக்குறவனுக்கு மண்ணு பத்தி புரியணும், அது மட்டுந்தான். அதுதான் நான் புடிச்சுகிட்டது. நான் எப்டி தெரியுறேன்னு யோசிக்கிற வரைக்கும் எனக்கு வாய் வரல, கடைசி வயலுக்கு தண்ணி வரணும்னு யோசிச்சப்ப வந்துச்சு.

அந்தக் கதையச் சொல்றேன். ஒரு வருஷம் எங்க வாய்க்காலுக்கு தண்ணி வரவே இல்ல. மேல எல்லாம் நடவு முடிஞ்சு பச்சை கட்டிருச்சு, எங்களுக்கு நாத்து முத்திப்போவுது. மாசாமாசம் மாவட்ட அளவுல விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும்ல, அதுக்கு அப்பாவக் கூட்டிட்டுப் போனேன். பெரிய ஹால், முன்னாடி அதிகாரிங்க வரிசையா, பின்னாடி நம்ம ஆளுங்க. அங்க ஒரு விஷயம் பாத்தேன், கோவமா நல்லா சத்தம் போட்டு பேசுனவங்க பல பேரு, அவங்க கோவம் நியாயமானதுதான், ஆனா என்ன வேணும்னு கடைசி வரைக்கும் சொல்லாமலே உக்காந்துட்டாங்க. நான் காத்திருந்த அந்த அரை மணி நேரத்துல நோட்ட எடுத்து அஞ்சு விஷயம் எழுதுனேன், யாரு, எந்த வாய்க்கா, எவ்ளோ நெலம், எத்தன நாளா, என்ன செய்யணும். மைக்கு வந்துச்சு. கால் ரெண்டும் தரையில இருக்கான்னு பாத்துகிட்டேன், மூச்ச விட்டேன். "ஐயா வணக்கம், நான் கடைமடையிலேருந்து வர்றேன், எங்க வாய்க்கா மூணு கிலோமீட்டர், அதுல கடைசி 800 மீட்டருக்கு 19 நாளா தண்ணி ஏறல, 64 ஏக்கர், நாத்து 35 நாளு ஆயிருச்சு, இன்னும் ஒரு வாரம் போனா நட முடியாது. மேல ரெண்டாவது ஷட்டர் பாதியில மாட்டிகிட்டு நிக்குது, அத சரிபண்ணா போதும். என்னிக்கு ஆள் வரும்னு தேதி மட்டும் சொல்லுங்க ஐயா." அவ்ளோதான். நிறுத்திட்டேன். ஹால்ல ஒரு நொடி சத்தமில்ல. எந்த ஷட்டர்னு கேட்டாங்க, சொன்னேன், போட்டோ காட்டுனேன். தேதி சொன்னாங்க. சொன்ன தேதிக்கு ரெண்டு நாளு தள்ளி ஆள் வந்துச்சு, ஷட்டர் ஏறல, வெல்டிங் வச்சு எடுத்தாங்க, தண்ணி வந்துச்சு, 64ல ஒரு பத்து ஏக்கர் நாத்து வீணாப்போச்சு, மிச்சம் நட்டோம். முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன், ஆனா அன்னிக்கு பஸ்ல வர்றப்ப எங்கப்பா எனக்கு கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு, சின்ன வயசுல வாங்கிக் குடுத்தது, அதுக்கப்பறம் அன்னிக்குத்தான்.

இதுக்கப்பறம் ஒரு தப்பும் பண்ணேன், அதையும் சொல்லிடுறேன். பேச வந்துருச்சுன்னதும் பேச்சு ஜாஸ்தியாயிருச்சு. ஆபீசுக்கு வர்ற விவசாயிங்க வாயத் தொறக்குறதுக்குள்ள நானே பதில ஆரம்பிச்சுருவேன். ஒரு நாளு ஒரு அப்பாயி, எழுவது வயசு இருக்கும், பங்குப் பத்திரம் விஷயமா வந்தாங்கன்னு நானா நெனச்சுகிட்டு பத்து நிமிஷம் விளக்குனேன். எல்லாம் கேட்டுட்டு "பாப்பா, நான் தூயமல்லி விதை கேட்டு வந்தேன், நீ பேசி முடிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்"ன்னாங்க. ரொம்ப வருத்தமாப் போச்சு எனக்கு. வங்கியில மேனேஜர் என்னைய விட்டுட்டு நாற்காலியத் திருப்புனாருல்ல, அதையேதான் நான் அந்த அப்பாயிக்கு பண்ணிருக்கேன். அதுலேருந்து ஒரு பழக்கம், அவங்க சொல்லி முடிச்சதும் "நீங்க கேக்குறது இதானேம்மா"ன்னு அவங்க வார்த்தையிலயே திருப்பிச் சொல்லுவேன், ஆமான்னு தலையாட்டுனப்பறம்தான் பதில். நேரம் ஆகும்னு நெனப்பீங்க, உண்மையில மிச்சமாகுது.

கல்யாண வீடு, காதுகுத்து, இந்த மாதிரி எடத்துல யாருகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியாம போன நோண்டிகிட்டு இருப்போம்ல, நம்ம ஊருக்கு அது ரொம்ப சுலபம். ஜூன்லேருந்து "உங்க பக்கம் தண்ணி வந்துருச்சா?", ஐப்பசி கார்த்திகைல "மழை எப்டி, வயல்ல தண்ணி நிக்குதா?", தை மாசம் "அறுப்பு ஆரம்பிச்சாச்சா, கொள்முதல்ல ஈரப்பதம் எவ்ளோன்னு பாக்குறாங்க?". 17 சதவீதம்னு ஆரம்பிச்சா பந்தி முடியுற வரைக்கும் பேச்சு ஓடும். பதில் வந்ததும் அதுலேருந்தே அடுத்த கேள்வி கேக்கணும், அது போதும். எப்ப கல்யாணம்னு கேக்குற அத்தைங்களுக்கு சிரிச்சுகிட்டே "சொல்றேன் அத்தை, உங்க மூட்டுவலி இப்ப எப்டி இருக்கு"ன்னா பேச்சு அங்க போயிரும்.

இங்கிலீஷ் பத்தி கேப்பீங்க. பக்கத்துல வலங்கைமான்ல 1869ல பொறந்த சீனிவாச சாஸ்திரி, கும்பகோணத்துல படிச்சவரு, வெள்ளிநாக்குப் பேச்சாளர்னு வெள்ளக்காரங்களே பேரு வச்ச அளவுக்கு இங்கிலீஷ் பேசுனாரு. நம்ம மண்ணுலேருந்து அப்டியும் ஒருத்தர் வந்திருக்காருன்னு எனக்குப் பெருமை. ஆனா என் தேவை அது இல்ல, ஆன்லைன்ல பெங்களூர்லேருந்து அரிசி கேக்குற கடைக்காரருக்கு வெலையும் டெலிவரி நாளும் புரியணும். சின்ன சின்ன வாக்கியமா பேசுறேன். புரியலன்னா "பிளீஸ் ரிப்பீட் ஸ்லோலி"ன்னு கேக்குறேன், இதுவரைக்கும் ஒருத்தர்கூட முகம் சுளிக்கல. மறுபடி அதே வங்கிக்கு அடுத்த வருஷம் போனப்ப தமிழ்லதான் பேசுனேன், "நெனைக்கிறேன் சார்"ங்குற வால வெட்டிட்டு, தெரிஞ்சத தெரியும்னும் தெரியாத ஒரு கேள்விக்கு "நாளைக்கு காலையில 11 மணிக்குள்ள மெயில் பண்றேன் சார்"னும் சொன்னேன், 10:40க்கு அனுப்பிட்டேன். கடன் கெடைச்சுச்சு.

சரி, அந்தப் பொண்ணுக்கு வர்றேன். பஸ் ஏறுறப்ப நம்பர் வாங்கிட்டுப் போச்சு. அவங்க தெருவுல பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில ரெண்டு லைட்டு எரியலயாம், ராத்திரி டியூஷன் முடிஞ்சு வர்ற புள்ளைங்களுக்கு பயமாம். அக்டோபர் 2 கிராமசபை வருது, வருஷத்துல ஆறு தடவ நடக்குது இப்ப, ஊரு வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தா யாரு வேணா கேக்கலாம், அந்தப் பொண்ணுக்கு 19 வயசு, பேரு இருக்கு. நீயே கேளுன்னேன். முடியாதுக்கான்னுச்சு. மொத வரிய மட்டும் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புன்னேன். மூணு நாளா ஒண்ணும் வரல, நேத்து ராத்திரி பத்தே காலுக்கு வந்துச்சு, 14 நொடி. பின்னாடி தவளை சத்தம், மழை பெஞ்சிருக்கு போல, கொல்லைப்பக்கம் போயி நின்னு பேசிருக்கு, வீட்ல யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு. "வணக்கம், நான் வடக்குத் தெரு, எங்க தெருவுல ரெண்டு லைட்டு..." அங்க குரல் அமுங்கிருச்சு, அப்பறம் ஒரு மூச்சு, அப்பறம் "எரியல"ன்னு முடிஞ்சுருச்சு.

நல்லா இருக்கு, எத்தன நாளான்னு மட்டும் சேத்து இன்னொரு தடவ அனுப்புன்னு போட்டேன். ரெண்டு நீல டிக்கு வந்துருக்கு, டைப்பிங்னு காட்டுது.